அண்ணன் வாயால் ஒரு வார்த்தை

"விளக்கு எரிஞ்சுட்டே இருக்கட்டும். நீ கை வைக்காதே" என்று அவள் சொன்னதும் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரை ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே, வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, இன்ஜின் படம் போட்ட ஒரு சின்ன மஞ்சள் விளக்கு. இன்ஜினில் கோளாறு இருந்தால் எரியும். எரிந்தால் பதறிப்போய்ப் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள், சரிசெய்து அணைத்துக் கொடுத்தால் நிம்மதியாகப் போவார்கள். அதை நம்பித்தான் அவன் பட்டறையே வைத்திருக்கிறான். எரிவதை எரியவிடச் சொல்லி ஒருத்தி வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"அக்கா, இந்த சென்சாரை மாத்தலன்னா சூடானதும் வண்டி நின்னுடும். நடு ரோட்ல நிக்கும்."

"ஆறினதும் கிளம்பும்ல?"

"கிளம்பும். ஆனா..."

"அது போதும்."

மூன்று வருடம் அவள் அந்த வண்டியை அப்படித்தான் ஓட்டினாள். பக்கத்துத் தெரு என்றால் ஒரே ஓட்டம். தூரம் என்றால் நடுவில் ஏதாவது மர நிழலில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, பின் சீட்டில் உட்கார்ந்து திரைத் துணிக்கு ஓரம் மடித்துக்கொண்டிருப்பாள். வண்டி ஆறும். அவள் ஆறமாட்டாள்.

ஜன்னல் திரை தைப்பது அவள் தொழில். ஊரில் அவளுக்குக் 'கர்ட்டன்காரி' என்றுதான் பெயர். சொந்தப் பெயர் ரேஷன், பேங்க் மாதிரி இடங்களில் மட்டும் வெளியே வரும். வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற நீள மேசை. புருஷன் சாப்பிடுவதும் அந்த மேசையின் ஒரு மூலையில்தான், துணியில் கறி சிந்தாமல். வீடு வீடாகப் போய் ஸ்டூல் போட்டு ஏறி ஜன்னலை அளப்பாள். அந்த வீட்டுப் புருஷன் ஒரு துணியையும் பெண்டாட்டி வேறொரு துணியையும் காட்டினால் பெண்டாட்டி காட்டியதை எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவளுடைய குணத்துக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். ஒரு வீட்டில் திரையை மாட்டியபின், ஒரு பக்கம் குட்டையாக இருக்கிறது, தைத்தது சரியில்லை என்று அந்த வீட்டம்மா சத்தம் போட்டாள். இவள் அந்த வீட்டுக் குழந்தையின் பந்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தாள். பந்து தானாக உருண்டு ஒரு மூலைக்குப் போனது. தரைதான் சாய்வு. வேறு யாராவது இருந்தால் அத்தோடு விட்டிருப்பார்கள். இவள், "தப்பு தரை மேலதான்னு நீங்க சொல்லிடுங்க, நான் கிளம்பறேன்" என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா தன் வாயால் சொன்ன பிறகுதான் எழுந்தாள். தப்பு யாருடையது என்று தெரிவது அவளுக்குப் போதாது. தப்பு செய்தவர் வாயாலேயே அது வரவேண்டும். இந்த ஒரு பிடிவாதத்தால் நாலைந்து வாடிக்கைகள் போயிருக்கின்றன, அவள் கவலைப்பட்டதில்லை.

அந்தக் கார் முதலில் அவளுடைய அண்ணனுடையது. கர்ட்டன் கம்பிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு மகள் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், அப்பாதான் தன் சேமிப்பிலிருந்து பணம் கொடுத்து அண்ணனிடம் அந்தக் காரை வாங்கித் தந்தார். அண்ணன் சாவியைக் கொடுக்கும்போது, "என் குழந்தை மாதிரி வச்சிருந்தேன், பத்திரமா பாத்துக்கோ" என்று குரல் தழுதழுக்கச் சொன்னான். அந்தத் தழுதழுப்பை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெற்ற அப்பா காசையே வாங்கிக்கொண்டு, கூடப்பிறந்தவள் தலையில் ஓட்டை வண்டியைக் கட்டுகிறவனுக்குத் தழுதழுப்பு ஒரு கேடா.

வண்டி வந்து ஐந்தாம் மாதம், ஒரு மத்தியானம், அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது. அப்பாவும் அம்மாவும் அண்ணன் வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணன் போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவள் துளை போட்டதைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். பின் சீட்டில் அம்மா, அம்மா மடியில் அப்பாவின் தலை. மேம்பாலத்தின் ஏற்றத்தில், பாதியில், வண்டி நின்றது. சாவியைத் திருப்பினாள், திருப்பினாள், இன்ஜின் முனகியதே தவிர பிடிக்கவில்லை. பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. யார் யாரோ இறங்கி வந்து தள்ளினார்கள். கடைசியில் ஒரு டாக்ஸிக்காரர் தன் பயணியை இறக்கிவிட்டு இவர்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த வாக்கியம் சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் கை கால் முளைத்தது. உடலை எடுப்பதற்கு முன்பே அப்பாவின் தங்கை, அவள் அத்தை, கூடத்தில் அத்தனை பேர் முன்னால் சொன்னாள்: "ஒரு வண்டியைப் பாத்துக்கத் தெரியாதவளுக்கு வண்டி எதுக்கு? எங்க அண்ணனைக் கொண்டுபோய்ப் பாலத்துல நிறுத்திட்டா." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, "விடுங்க அத்தை, அவளுக்கும் கஷ்டம்தான். என்கிட்ட இருந்தவரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் நின்னதில்ல" என்றான். பெருந்தன்மை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு மகளோடு பேசுவதை நிறுத்தியவள் பிறகு பேசவே இல்லை.

அவளும் நம்பினாள், அதுதான் கொடுமை. ஆயில் மாற்ற நாள் தள்ளிப்போட்டேனோ, தண்ணீர் பார்க்கவில்லையோ என்று துணி வெட்டும்போதெல்லாம் கத்தரியை வைத்துவிட்டு யோசிப்பாள். அப்பாவைக் கொன்றவள் என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு சில மாதங்கள் ஓடின. அப்புறம் வேகம் காட்டும் முள் ஒரு நாள் ஆடாமல் நின்றது. மெக்கானிக் அந்தப் பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.

"அக்கா, இன்ஜின் விளக்கோட புல்பு எங்கே?"

"எனக்கென்ன தெரியும்?"

"யாரோ உருவி எடுத்திருக்காங்க. கோளாறு தெரியக்கூடாதுன்னா இப்படித்தான் பண்ணுவாங்க." அவன் ஒரு புல்பைச் செருகினான். சாவியைத் திருப்பியதும் மஞ்சளாக எரிந்தது.

அவள் அப்படியே அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அண்ணன் அசரவில்லை. மாலை போட்ட அப்பா படத்தின் மேல் கை வைத்து, "சத்தியமா, என் கைல இருந்தப்போ அந்த விளக்கு எரிஞ்சதும் இல்ல, நான் தொட்டதும் இல்ல" என்றான். "உனக்கு வேண்டிய மெக்கானிக், உனக்கு வேண்டியதைச் சொல்றான்" என்றான். அம்மா உள்ளறையிலிருந்து வந்து, மகளைப் பார்க்காமல் மகனிடம் சொன்னாள்: "போனவரு போயிட்டாரு. இனிமே இந்த வீட்ல வண்டிப் பேச்சு வேண்டாம்னு சொல்லு." சொல்லு என்றாள், யாரிடம் என்று சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் பட்டறைக்குத் திரும்பிப் போய், விளக்கில் கை வைக்காதே என்றாள். சரிசெய்துவிட்டால் சாட்சி போய்விடும். அண்ணன் வாயால் ஒரு வார்த்தை, அது அம்மாவின் காதில் விழ வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம். புருஷன் பொறுமைசாலி. அவனே ஒரு நாள், "உனக்கு உங்கண்ணன் மேல கோபம், சரி. நடுவெயில்ல மரத்தடியில நான் எதுக்கு உக்காரணும்?" என்று கேட்டுவிட்டான். அவள் அவனுக்கு விசிறிக்கொள்ள, துணித் துண்டுகள் ஒட்டிய மாதிரிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தாள்.

வழி தானாகத் திறந்தது. பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறு காரை எடுத்துக்கொள்கிற எக்ஸ்சேஞ்ச் யார்டு ஒன்று ஊர் ஓரத்தில் இருக்கிறது. அதன் முதலாளி வீட்டில் ஏழு ஜன்னலுக்குத் திரை. முதலாளியின் மனைவிக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். இவள் ஸ்டூலில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிறுத்தவில்லை. யார்டில் புதிதாக ஒரு ஆள் சேர்ந்திருக்கிறானாம். சொந்தமாக ஏதோ வியாபாரம் செய்து கையைச் சுட்டுக்கொண்டவனாம். வருகிற பழைய வண்டிகளைப் பார்த்து மதிப்புச் சொல்வது அவன் வேலை. அங்கே எல்லோரும் அவனை 'ஸ்கேனர்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

"எங்க வீட்டுக்காரர் யார்டுல ஒரு வழக்கம் வச்சிருக்காருக்கா. வண்டியைச் சுத்தி வந்து, வண்டிக்காரங்க காது கேக்க, ஒவ்வொரு குறையையும் சத்தமா சொல்லணும். அர்ச்சனைன்னு பேரு. கேக்கக் கேக்க அவங்களுக்கே அவங்க வண்டி பிடிக்காமப் போயிடும், குடுத்த விலைக்குத் தந்துடுவாங்க. இந்த ஸ்கேனர் இருக்கானே, குறையை மட்டும் இல்ல, அது வந்து எத்தனை வருஷம் ஆச்சுன்னும் சொல்லிடுவான். போன மாசம் ரெண்டு வண்டிக்கு ஏமாந்து அதிகம் கொடுத்துட்டான். அதிலேருந்து இவரு அவன் பின்னாடியே நிக்கறாரு. இன்னொரு தடவை ஏமாந்தா வேலை இல்லன்னுட்டாரு."

"அப்படியா" என்றாள் இவள், வாயில் ஆணியை வைத்துக்கொண்டு.

"பாவம், வயசான அம்மா வேற. கண் ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. சனிக்கிழமை கட்டு மாத்தணும். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவரைக்கும் யார்டு ஆபீஸ் ரூம்லதான் உக்காத்தி வைக்கறான். ஒரு கண்ணுல கட்டு, இன்னொண்ணு ஏற்கெனவே மங்கல். வாசல்ல நிக்கறது காரா லாரியான்னு தெரியாது அவங்களுக்கு. காது மட்டும் பாம்புக் காது."

ஸ்டூலின் மேலே நின்றபடி அவள் அந்த ஜன்னலை இரண்டாம் தடவை அளந்தாள். அளவு மண்டையில் ஏறவில்லை. அண்ணனின் வியாபாரம் நொடித்துப்போனது அவளுக்குத் தெரியும்; அந்த ஸ்கேனர் அவன்தான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதையே முன்பின் தெரியாத ஒருத்தி சொல்லித்தான் அவள் கேள்விப்பட வேண்டியிருந்தது. இதற்கும் சேர்த்து அண்ணன் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளரைக் கட்டிக்கொண்டு யார்டுக்குப் போனாள். வாய் திறந்தால் அம்மா குரலைக் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் முதலாளியிடம் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். தொண்டை கட்டிவிட்டது, பேச்சு வராது. முதலாளிக்குப் பரம சந்தோஷம். பேரம் பேச முடியாத வாடிக்கையாளர் யாருக்குக் கிடைப்பார்?

வரிசையாக நின்ற வண்டிகளுக்கு நடுவிலிருந்து அண்ணன் வந்தான். தங்கையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், முகத்தில் ஈயாடவில்லை. அவன் கண் உடனே ஆபீஸ் அறைக்குப் போனது. ஏசி கெட்டுப்போனதால் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, கண்ணில் வெள்ளைக் கட்டோடு அம்மா. இளைத்துப்போயிருந்தாள். மகளுக்கு ஓடிப்போய் அந்த நாற்காலி அருகே உட்கார்ந்துவிட வேண்டும் போலிருந்தது. வந்த வேலை கெட்டுவிடும் என்று காலைத் தரையில் ஊன்றி நின்றாள்.

"தெரிஞ்சவங்களா?" என்றார் முதலாளி.

தங்கை என்று சொன்னால், தன் வீட்டு வண்டிக்கு விலையேற்றுகிறான் என்று முதலாளி சந்தேகப்படுவார். அண்ணன் ஒரு நொடி யோசித்தான். "இல்ல சார்" என்றான்.

பெற்ற அம்மாவுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு இல்லை என்றான். அவள் மஃப்ளரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டாள்.

அர்ச்சனை ஆரம்பமானது. அண்ணன் சுரத்தே இல்லாமல், "முன்னாடி பம்பர்ல கீறல்... ஒரு டயர் தேஞ்சிருக்கு..." என்று முணுமுணுத்தான். இன்ஜின் பக்கம் போகவே இல்லை. சுற்றி வந்து, "மத்தபடி பரவால்ல சார்" என்றான்.

முதலாளி கையைக் கட்டிக்கொண்டார். "என்னப்பா, தாலாட்டு பாடறியா? பானெட்டைத் திற. சாவியைப் போடு."

அண்ணன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடித்தது. மற்ற விளக்குகள் எரிந்து அணைந்தன, மஞ்சள் மட்டும் நின்று எரிந்தது.

"இதைப் பரவால்லன்னு சொன்ன?" முதலாளியின் குரல் மாறிவிட்டது. "இன்ஜின் விளக்கு எரியற வண்டியைப் பரவால்லன்னு என் தலையில கட்டப் பாக்கறியா? போன மாசம் ரெண்டு. இது மூணாவதா?"

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவள் தொண்டையைத் தடவிக்கொண்டு அப்பாவி மாதிரி நின்றாள். ஆபீஸ் அறையைப் பார்த்தான். கட்டுப் போட்ட கண். அம்மாவுக்கு எந்த வண்டி என்று தெரியாது, இவளுக்கோ பேச்சு வராது, வேலை போனால் நாளைக்குச் சோறு இல்லை. அவன் மனதில் கணக்கு ஓடியது அவளுக்கு அப்படியே தெரிந்தது. சின்ன வயதில் தின்பண்டத்தைத் திருடிவிட்டு யார் மேல் பழிபோடலாம் என்று யோசிக்கும்போதும் அவன் முகம் இப்படித்தான் இருக்கும்.

"இல்ல சார், அதுக்குத்தான் வரேன்" என்றான். குரலில் சத்தம் ஏறியது. "இது நேத்து வந்த கோளாறு இல்ல. இன்ஜின் சுத்தறதைப் பாக்கற சென்சார் போயிருக்கு. சூடானா வண்டி நின்னுடும். ஏத்தத்துல கண்டிப்பா நிக்கும். ஆறினாத்தான் கிளம்பும்."

"எப்போலேருந்து?"

"அஞ்சு வருஷமாவது இருக்கும்."

"அடிச்சு விடாதே. அஞ்சு வருஷமா விளக்கு எரிய எவன் ஓட்டுவான்?"

இங்கே அவன் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவனுடைய தொழில் கெட்டிக்காரத்தனத்தையே முதலாளி சந்தேகப்பட்டுவிட்டார். அண்ணனுக்கு அது எப்போதும் பொறுக்காது. குனிந்து ஒரு வயரை இழுத்துக் காட்டினான்.

"எரிஞ்சாத்தானே சார்? புல்பை உருவியிருக்காங்க. இப்ப இருக்கறது புதுசு, பின்னாடி யாரோ போட்டது. இந்த வயர்ல சுத்தியிருக்கற டேப்பைப் பாருங்க, சருகாயிருக்கு. மொதல் தடவை வண்டி நின்னப்போ, வயர் லூஸா இருக்கும்னு சுத்திப் பாத்திருக்காங்க. சரியாகல. அப்படியே ஓட்டிட்டு, அப்புறம் புல்பைக் கழட்டிட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு நாள் குறையாது. சத்தியமா சொல்றேன் சார்."

யார்டே கேட்டது. தண்ணீர் ஊற்றி வண்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி திருப்தியோடு தலையாட்டிவிட்டு, அவளிடம் ஒரு விலை சொன்னார். கேவலமான விலை. அவள் சரி என்று தலையாட்டினாள். முதலாளியே ஒரு கணம் திகைத்துப்போனார்.

அவள் மஃப்ளரை அவிழ்த்தாள்.

"வண்டி என் கைக்கு வந்து எத்தனை வருஷம் ஆச்சுண்ணா?"

ஆபீஸ் அறையில் கைப்பை மடியிலிருந்து நழுவி விழுந்த சத்தம் கேட்டது.

அண்ணன் பானெட்டை மூடப் போனான். அவளே சொன்னாள். நாலு வருடத்துக்கும் கொஞ்சம் குறைவு. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, உள்ளே கேட்கும்படி சொன்னாள். "அஞ்சு வருஷம் முன்னாடி இந்த வண்டி யார்கிட்ட இருந்துச்சு? டேப்பு யார் சுத்தினது? அப்பா படத்து மேல வச்ச கையால இப்ப ஒரு தடவை காட்டு."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் விளங்கியது. "உன் வண்டியா ஸ்கேனர்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, "அப்போ நீ சொன்ன வருஷம் சரியாத்தான் இருக்கும்" என்றார். அவர் கவலை அவருக்கு.

அண்ணன் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். அழுதிருந்தால்கூட அவளுக்குப் பிடித்திருக்கும். மூன்று வருடமாக மரத்தடியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்த காட்சி இது. கண் நிறையப் பார்த்தாள். வயிறு குளிர்ந்தது. அதை மறைப்பதற்கில்லை.

"உள்ள வாடி" என்றாள் அம்மா.

மூன்று வருடத்துக்குப் பிறகு அம்மா அவளை நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை. அவள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். அம்மா கையைத் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியாம்மா? அவன் வாயாலயே சொன்னான், கேட்டியா?"

"கேட்டேன். ஊருக்கே கேட்டுச்சு." அம்மாவின் பிடி தளரவில்லை. "எனக்குத் தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"வண்டியை உனக்குக் குடுத்த வாரம் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில கடலைப்பருப்பு அளவு ஒரு புல்பு. என்னடா இதுன்னு கேட்டேன். சொன்னான். அவ பக்கத்துத் தெரு வரைக்கும்தானே ஓட்டப் போறா, அப்பாகிட்ட சொல்லாதேன்னான். நான் சொல்லல."

வெளியே யாரோ மறுபடி தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அவள் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாலத்துல வண்டி நின்னப்போவே எனக்குத் தெரிஞ்சுடுச்சு" என்றாள் அம்மா. "உங்கப்பா தலை என் மடியில. நீ சாவியைத் திருப்பிட்டே இருந்த. அப்பவே சொல்லியிருக்கலாம். அப்புறமும் சொல்லியிருக்கலாம். சொன்னா, நானும் சேர்ந்துதான் அவரைக் கொன்னேன்னு ஆயிடும். அவன் வீட்லதான் சாப்பிடணும், அவன் கையாலதான் மருந்து. உன் மேல போட்டா சுலபமா இருந்துச்சு. நீ தாங்குவேன்னு நெனச்சேன்."

"அதான் பேசாம இருந்தியா?"

"பேசினா சொல்லிடுவேனோன்னு பயம்."

அண்ணன் மேல் மூன்று வருடம் வளர்த்த கோபம் அவளுக்குள் அப்படியே திரும்பி அம்மாவைப் பார்த்து நின்றது. அண்ணனாவது பொய் சொன்னான். அம்மா, மகள் கத்தரியைப் பாதியில் வைத்த நாட்களில் எல்லாம், உண்மை தெரிந்தே உள்ளறையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. எழுந்து அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் போட்டாள்.

"போட்டுக்கோ. கிளம்பு."

"எங்கே?"

"மொதல்ல கட்டு மாத்த. அப்புறம் என் வீட்டுக்கு. இனிமே என் வீட்லதான் சாப்பாடு, நான்தான் மருந்து. அவன் கையைப் பாக்க வேண்டியதில்லை. இப்ப என்ன சாக்கு சொல்றேன்னு பாக்கறேன்."

"எதுக்குடி இதெல்லாம்?"

"பழி வாங்கறதுக்கு" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. அம்மா செருப்பில் காலை நுழைத்தாள்.

முதலாளி கொடுத்ததை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டாள். அண்ணன், "அம்மா, நான் கூட்டிட்டுப் போறேன்மா" என்று இரண்டடி வந்தான். அம்மா குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "நீ வேலையைப் பாரு" என்றாள். டாக்ஸி வந்தது. இருவரும் ஏறினார்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் அம்மா சீட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எங்கே போகிறோம் என்று தெரிய அவளுக்குக் கண் வேண்டியதில்லை.

கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுத்து உட்காரவைத்தார்கள். கூடம் முழுக்க ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள். அவள் போனை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றாள் அம்மா.

"அத்தைக்கு. கூடத்துல அத்தனை பேர் முன்னாடி சொன்னாங்கல்ல. அவங்கள்ட்ட ஆரம்பிப்போம். அப்புறம் பெரியப்பா வீடு. அப்புறம் மத்தவங்க. நீதான் சொல்லணும்."

"இங்க வச்சா? வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்டி."

"இங்கதான்."

அவளே எண்ணைப் போட்டு, போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தாள். அத்தை எடுத்து, கண் எப்படி இருக்கிறது, கட்டு அவிழ்த்தாச்சா என்று விசாரித்தாள். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பாலத்தில் வண்டி நின்றது மகளால் இல்லை, வண்டி முன்பே கெட்டிருந்தது, மகன் அதை மறைத்துத்தான் கொடுத்தான் என்று சொன்னாள். அந்தப் பக்கம் அத்தை ஏதோ படபடவென்று பேசினாள். "ஆமா, இன்னிக்குத்தான் அவன் வாயாலயே வந்துச்சு" என்றாள் அம்மா. "இத்தனை நாள் பாவம் இவ மேல போட்டுட்டோம். சரி, வச்சுடட்டுமா?"

அம்மா போனிலிருந்து தலையை விலக்கினாள். மகளின் கை கூடவே போனது. போன் காதைவிட்டு நகரவில்லை.

"சட்டைப் பையில பாத்ததையும் சொல்லு" என்றாள்.

அம்மாவின் கட்டில்லாத கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. டாக்டர் அழக்கூடாது என்று சொல்லியிருப்பார், மகளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் அத்தை, "ஹலோ, இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். போதும் என்று சொல்ல மகளுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை. தோள் கடுத்தும் கையை எடுக்கவில்லை.

"இருக்கேன்" என்றாள் அம்மா. "இன்னும் ஒண்ணு இருக்கு. அது என் தப்பு."